தொண்ணூற்று நாலு சதவீதம்

நாளைக்கு வாய்தா.
சென்னியப்பன் செல்போனில் எடுத்துவந்த படம்
நாலு நிமிசம் பதினோரு செகண்டு:
பங்காளி ஆள் வைத்து எல்லைக்கல் பிடுங்குகிறான்,
பக்கத்தில் ஒரு வெள்ளாடு
எந்தத் தரப்பையும் சேராமல் மேய்கிறது.

பென்டிரைவ் வாங்க மாட்டார்கள் தாராபுரம் கோர்ட்டில்.
சிடியில் எழுதி, உறையில் போட்டு, மூன்று காப்பி.
முன்னெல்லாம் பஸ் ஸ்டாண்டில் எழுதித் தருவார்கள்.
அந்தக் கடையில் இப்போது மோமோஸ்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்
என் மகனுக்கு ஒரு வயசு இளையது.
அவனைவிடச் சொன்ன பேச்சு கேட்கும், இன்றைக்குத் தவிர.
தொண்ணூற்று நாலு வரை ஓடுகிறது ரைட்டர்.
அதற்குமேல் தொண்டை அடைத்து
கறக், கறக், பிறகு
தோற்ற சிடியைத் துப்புகிறது.

சிடி மட்டம் என்று வேறு கம்பெனி வாங்கினேன்.
தொண்ணூற்று நாலு.
வேகத்தைக் குறைத்தேன், நாப்பத்தெட்டு, பதினாறு,
கடைசியில் நாலு,
மொபெட்டில் முட்டைத்தட்டு கொண்டுபோகிற வேகம்.
தொண்ணூற்று நாலு.
மூடியைக் கழற்றி
காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு லென்சைத் துடைத்தேன்.
கடுகளவு கண். அதன்மேல்
இத்தனை ஆடிக்காற்றின் புழுதி,
வக்கீல் அய்யாவின் பாக்குத்தூள்.
துடைத்த பிறகு
வாயையே திறக்கவில்லை.
ஜெம் கிளிப்பை நிமிர்த்தி ஊசித்துளையில் குத்தினேன்.
நாக்கை நீட்டியது.

ஜியாவுதீன் போனில் சிரித்தான்.
"அக்கா, அது பட்டை கேபிளுங். இப்ப எவனும் செய்யறதில்லீங்.
ஸ்கேன் சென்டர்ல கழட்டுனது ஒண்ணு கெடக்குது.
முந்நூத்தம்பது குடுங்க.
ஓடும்னு சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்."

நாலு ஸ்குரூ. ஒன்றுக்குத் தலை தேய்ந்திருந்தது,
அரைமணி நேரம் அதற்கே போனது.
சந்தனக்கலர் பெட்டியில் கறுப்பு ரைட்டர்,
ஒரே ஒரு பல் கட்டிக்கொண்ட சிரிப்பு.
சுவிட்சைப் போட்டால்
ரைட்டரும் தெரியவில்லை, ஹார்ட் டிஸ்க்கும் தெரியவில்லை.
இருபது வருசத்து வழக்குகள் அதற்குள்.
முதுகு சில்லிட்டது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ரைட்டரின் பின்புறம்
கடலைப்பருப்பு அளவில் ஒரு மூடி,
மாஸ்டர் என்ற எழுத்தின்மேல்.
ஹார்ட் டிஸ்க்கிலும் அப்படியே.
ஒரே கேபிளில் இரண்டு மாஸ்டர்.
எங்கள் ஆபீசில் பாதி வழக்கு இதுதான்.

புருவம் பிடுங்குகிற சாமணத்தால்
ஒன்றை மட்டும் பிடுங்கி
பக்கத்துப் பல்லில் மாட்டினேன்.
வாய்தா கேட்காமல் இரண்டும் எழுந்து வந்தன.

தொண்ணூற்று மூன்று.
தொண்ணூற்று நாலு. கரண்ட் போய்விடக்கூடாது.
தொண்ணூற்று நாலு.
தொண்ணூற்று நாலு.
தொண்ணூற்று ஐந்து என்று காட்டியபோது
மின்விசிறியைக்கூட நிறுத்தியிருந்தேன், ஏனென்று தெரியாது.
நூறு.
போட்டுப் பார்த்தேன். கல் முழுசாக வெளியே வந்தது.
ஆடு மேய்ந்தது.

மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை.
புரட்டாசிக்குத் தள்ளினார்கள்.
பழைய ரைட்டர் மேஜைமேல் இருக்கிறது,
பத்திரத்தாள் பறக்காமல்.

தோற்ற சிடி பதினொன்று.
குப்பைக்கூடையில் பார்த்த சென்னியப்பன்
"அதைய எனக்குக் குடுங்க், மயிலு தொந்தரவு தாங்கல" என்று
துண்டில் முடிந்துகொண்டு மூலனூர் பஸ் ஏறினார்.
மக்காச்சோளக் காட்டில், தகராறுள்ள அந்த ஓரத்தில்
கிளுவை வேலி நெடுக நூலில் கட்டியிருக்கிறாராம்.
காற்றில் சுற்றுகின்றன பதினொன்றும்.
கணக்குப்படி ஒவ்வொன்றிலும்
கல் முக்கால்வாசி பிடுங்கியபடி நிற்க வேண்டும்.

"மயிலு பயப்படுதாங்ணா?" என்றேன்.
"ரெண்டு நாளு பயந்துச்சுங்.
இப்ப அதுல மூஞ்சி பாத்துட்டு மேயுது.
பங்காளிதான்,
அக்கட்டால போறப்ப எல்லாம் கண்ணு கூசி
கைய நெத்திக்கு வெக்கறான்.
சலாம் போடற மாதிரியே இருக்குதுங்."